'மீட்டிங் புட் ஓஃப்' என்று எழுதினால் எங்கே பழுது? அறிகுறி பார்த்துத் திருத்துவோம்

சரக்கு அனுப்பும் கம்பனி ஒன்றில் நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. வாடிக்கையாளர் ஒருவரின் சாமான் ஏற்றிய எங்கள் லொறி பேலியகொடைப் பாலத்துக்குக் கிட்ட நடுவீதியில் நின்றுவிட்டது. ஆளுக்கு உடனே ஈமெயில் போடு என்றார்கள். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த பசிவ் வொய்ஸ் எல்லாம் கைக்கு வர, 'யுவர் கார்கோ ஹேஸ் பீன் ப்ரோக்கன் டவுன்' என்று எழுதி அனுப்பினேன். தேத்தண்ணி ஆறுவதற்குள் போன் வந்தது. யாரைக் கேட்டு என் சாமானைப் பிரித்தீர்கள் என்று மனுஷன் கத்துகிறார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகுதான் பக்கத்து மேசை அண்ணா சொன்னார்: நம் தொழிலில் கார்கோவை 'ப்ரேக் டவுன்' பண்ணுவதென்றால், பலட்டில் கட்டி வந்த பெட்டிகளை அவிழ்த்துத் தனித்தனியாகப் பிரிப்பது. நான் எழுதியதில் இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. சொல்ல வந்த விஷயம் மட்டும் அதில் இல்லை. நின்றது லொறி, அதுவும் தானாக நின்றது. 'த லொறி ப்ரோக் டவுன்'. நாலே சொல், 'ஹேஸ் பீன்' தேவையே இல்லை.

இப்போது புதிதாக வரும் பொடியன்மாரின் ஈமெயிலை நான் பார்த்துத்தான் வெளியே விடுகிறேன். பிரேசல் வேர்ப், அதாவது 'ப்ரேக் டவுன்' போல ஒரு வேர்ப்போடு சின்னச் சொல் ஒன்று ஒட்டியது, பசிவில் வரும் இடத்தில் விழும் பிழைகள் ஏழெட்டு வகைக்குள் அடங்கிவிடும். உங்கள் வசனம் கீழே உள்ள எந்த அறிகுறியைக் காட்டுகிறதோ அதற்கு நேரே போகலாம், ஆனால் முதல் இரண்டையும் எல்லாரும் வாசியுங்கள். முக்கால்வாசிப் பேருக்கு நோய் அங்கேதான்.

அதற்கு முன் ஒரே ஒரு கருவி. 'புட்' ஒரு வேர்ப், அதன் பின்னால் ஒட்டிய 'ஓஃப்' என்ற சின்னச் சொல்லை இங்கே வால் என்று வைத்துக்கொள்வோம். வால் ஒட்டியதும் அர்த்தம் மாறிவிடும்: 'புட்' என்றால் வைப்பது, 'புட் ஓஃப்' என்றால் பிற்போடுவது. பசிவ் என்பது அக்டிவ் வசனத்தின் செயப்படுபொருளைத் தூக்கி முன்னால் எழுவாயாக உட்கார வைப்பது. தூக்குவதற்குச் செயப்படுபொருள் என்ற ஒன்று முதலில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பசிவும் இல்லை. இருக்கிறதா என்று பார்க்க, முன்னால் 'சம்வன்' போட்டு வேர்ப்புக்குப் பின்னால் உங்கள் பொருளை வையுங்கள். 'சம்வன் புட் ஓஃப் த மீட்டிங்': யாரோ மீட்டிங்கைப் பிற்போட்டார், பொருந்துகிறது, பசிவ் எழுதலாம். 'சம்வன் ப்ரோக் டவுன் த லொறி': யாரோ லொறியைக் கழற்றிப் பிரித்தார் என்றாகிறது, நாம் சொல்ல வந்தது அதுவல்ல, பசிவ் கூடாது. இதை யாரோ சோதனை என்று சொல்கிறேன். தமிழில் வைத்துச் சோதிக்காதீர்கள், இங்கிலிஷ் வசனத்திலேயே வைத்துப் பாருங்கள். ஏன் என்பது அடுத்த அறிகுறியிலேயே தெரியும்.

அறிகுறி: 'த மீட்டிங் புட் ஓஃப் டு ஃப்ரைடே'

'வோஸ்' காணாமல் போன வசனம். 'த மெச் கோல்ட் ஓஃப்', 'த ஒஃபர் டேர்ன்ட் டவுன்' எல்லாம் இதே இனம். வாசிப்பவருக்கு மீட்டிங்கே எழும்பி எதையோ பிற்போட்டதுபோல இருக்கும், எதை என்று தேடிக்கொண்டிருப்பார்.

இது மூன்று வழியாக வருகிறது. முதலாவது கண் ஏமாறுவது. 'புட்', 'கட்', 'ஷட்', 'செட்' நான்கும் எந்தக் காலத்திலும் உருமாறாதவை, 'ப்ரோக்கன்', 'டேக்கன்' போல முகத்தைப் பார்த்ததும் இது பசிவுக்குரிய வடிவம் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. அதனால் 'வோஸ்' விட்டுப்போனாலும் வசனம் பார்வைக்கு முழுசாகவே தெரியும். இரண்டாவது, பேப்பர் தலைப்பு. 'மெச் கோல்ட் ஓஃப்', 'ஸ்கூல்ஸ் ஷட் டவுன்' என்று தலைப்புகளில் 'வோஸ்', 'வேர்' எல்லாவற்றையும் இடம் மிச்சம் பிடிக்க வெட்டிவிடுவார்கள். போனில் வரும் செய்தி எஸ்எம்எஸ்ஸும் அப்படித்தான். நாம் காலையில் இருந்து இரவு வரை அதை வாசித்துவிட்டு, அதே நடையில் மனேஜருக்கு ஈமெயில் எழுதுகிறோம்.

மூன்றாவதுதான் பெரிய காரணம், அது தமிழ். மீட்டிங் தள்ளிப்போனது என்கிறோம். மீட்டிங்குக்குக் கால் இருக்கிறதா, தள்ளிப்போக? யாரோ ஒருவர்தான் தள்ளிப்போட்டார், ஆனால் மீட்டிங் தானே போனதுபோலச் சொல்வது நமக்கு இயல்பு. இது இன்று நேற்று வந்த பழக்கமும் இல்லை. செயப்படுபொருளே செய்ததுபோலச் சொல்வதும் வழக்கு மரபுதான் என்று தொல்காப்பியத்தின் வினையியல் ஒத்துக்கொள்கிறது, உரையாசிரியர்கள் அதற்குக் காட்டும் உதாரணம் 'திண்ணை மெழுகிற்று'. திண்ணை எதையும் மெழுகவில்லை, யாரோ திண்ணையை மெழுகினார்கள். அந்த மெழுகின திண்ணைதான் எத்தனையோ நூற்றாண்டு கழித்து வெள்ளவத்தையில் ஒரு ஒஃபிஸில் 'த மீட்டிங் புட் ஓஃப்' என்று உட்கார்ந்திருக்கிறது. 'புட் ஓஃப்', பிற்போடுவது என்ற அர்த்தத்தில், அப்படி உட்காராது. அதற்கு யாரோ ஒருவரும் வேண்டும், ஏதோ ஒன்றும் வேண்டும், யாரோ மறைந்துவிட்டால் 'வோஸ்' கட்டாயம்.

திருத்தம்: யாரோ சோதனை பொருந்தினால், எழுவாய்க்கும் வேர்ப்புக்கும் நடுவில் 'வோஸ்' குடும்பத்தில் ஒன்றைப் போடுங்கள். நேற்று நடந்தது என்றால் 'வோஸ் புட் ஓஃப்'. இப்போதுதான் முடிவானது, இன்னும் அதே நிலைதான் என்றால் 'ஹேஸ் பீன் புட் ஓஃப்'. பேச்சு நடந்துகொண்டிருக்கிறது என்றால் 'இஸ் பீயிங்'. வேறு வழியே இல்லாமல் போயிற்று என்றால் 'ஹேட் டு பீ'. இதில் 'ஹேஸ் பீன்' இருக்க வேண்டிய இடத்தில் 'ஹேஸ் புட் ஓஃப்' என்று 'பீன்' விழுந்துபோவதுதான் அதிகம், அனுப்ப முன் அதை மட்டும் தனியாக ஒருமுறை தேடுங்கள்.

அறிகுறி: 'த பஸ் வோஸ் ப்ரோக்கன் டவுன்', 'ஐ வோஸ் க்ரோன் அப் இன் கொட்டாஞ்சேனை'

இது மேலே உள்ளதற்கு நேரெதிர். முதல் பிழைக்கு இரண்டு தடவை குட்டு வாங்கிய ஆள், இனி எதற்கும் ஒரு 'வோஸ்' இருக்கட்டும் என்று எல்லா இடத்திலும் போடத் தொடங்கும்போது வரும் நோய். இன்டர்வியூவில் முதல் கேள்வி உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்பதுதானே, அதற்கு வரும் முதல் பதிலே 'ஐ வோஸ் க்ரோன் அப்' என்று இருந்தால் எதிரில் இருப்பவர் முகத்தில் ஒன்றும் காட்டமாட்டார், ஆனால் காது அடைத்திருக்கும்.

இங்கே தமிழ் கெடுக்காது, கைகொடுக்கும். நம்மிடம் சோடி சோடியாக வினைகள் இருக்கின்றன: வளர்ந்தேன், வளர்த்தார்கள். ஏறியது, ஏற்றினார்கள். இறங்கியது, இறக்கினார்கள். அணைந்தது, அணைத்தார்கள். விழுந்தது, வீழ்த்தினார்கள். கழன்றது, கழற்றினார்கள். ஒன்று தானாக நடப்பது, மற்றது ஒருவர் செய்வது. ஐந்து வயதுப் பிள்ளைகூட இதை மாற்றிச் சொல்லாது. இங்கிலிஷ் இதே வேலையை ஒரு சொல்லை நீட்டியோ குறுக்கியோ செய்யாமல், வெவ்வேறு பிரேசல் வேர்ப்பை எடுத்துச் செய்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

வளர்ந்தேன் என்பதற்கு 'க்ரூ அப்', வளர்த்தார்கள் என்பதற்கு 'ப்ரோட் அப்'. ஆகவே கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவர் 'ஐ க்ரூ அப் இன் கொட்டாஞ்சேனை' என்று சொல்லலாம், அல்லது 'ஐ வோஸ் ப்ரோட் அப் இன் கொட்டாஞ்சேனை' என்று சொல்லலாம், இரண்டும் சரி. அம்மம்மா வளர்த்தார் என்று சொல்ல வேண்டுமானால் இரண்டாவதுதான் வேண்டும், 'பை மை கிராண்ட்மதர்' என்று அவரைக் கொண்டுவர முதலாவதில் இடமில்லை. இரண்டையும் பிசைந்து 'வோஸ் க்ரோன் அப்' என்று உருட்டியதுதான் பிழை.

பஸ் கட்டணம் ஏறியது 'வென்ட் அப்', ஏற்றப்பட்டது 'வேர் புட் அப்'. இறங்கியது 'கேம் டவுன்', இறக்கப்பட்டது 'வேர் ப்ரோட் டவுன்'. 'த ஃபேர்ஸ் வேர் கோன் அப்' என்று ஒன்று கிடையாது. மரம் விழுந்தது 'ஃபெல் டவுன்', மதிலை இடித்து விழுத்தினார்கள் என்றால் மதில் 'வோஸ் நொக்ட் டவுன்'.

கரண்ட் விஷயத்தில் கொஞ்சம் நின்று பார்க்கலாம், ஏனென்றால் 2022 மார்ச் கடைசியில் ஒரே நாளில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்த ஊரில் இந்த வசனத்தை எழுதாத ஆள் இல்லை. 'த பவர் வென்ட் ஓஃப்' என்றால் கரண்ட் போனது. ஏன், யாரால் என்ற கேள்வி அதில் இல்லை. 'த பவர் வோஸ் கட் ஓஃப்' என்றால் யாரோ நிறுத்தினார்கள், அட்டவணை போட்டும் நிறுத்தியிருக்கலாம், நீங்கள் பில் கட்டாததாலும் நிறுத்தியிருக்கலாம். எனவே வீட்டில் கரண்ட் போய்விட்டதால் ரிப்போர்ட் அனுப்ப முடியவில்லை என்று மனேஜருக்கு எழுதுபவர் 'வென்ட் ஓஃப்' என்று எழுதுவது நல்லது. 'அவர் பவர் வோஸ் கட் ஓஃப்' என்று எழுதினால் அவர் உங்கள் சம்பளத்தைப் பற்றி யோசிக்கத் தொடங்கிவிடுவார். 'த பவர் வோஸ் கோன் ஓஃப்' இரண்டுக்கும் நடுவில் தொங்குகிறது, அதை விடுங்கள். 'சம்வன் வென்ட் ஓஃப் த பவர்' என்று சொல்லிப் பாருங்கள், வாயிலேயே நிற்காது.

தானாக நடக்கும் கூட்டத்தில் அடிக்கடி வருபவை: 'டேர்ன் அப்' வந்து சேர்வது, 'கம் பேக்' திரும்பி வருவது, 'ஃபோல் த்ரூ' ஏற்பாடு குழம்பிப்போவது, 'ப்ரேக் அவுட்' நெருப்போ நோயோ சண்டையோ வெடித்துக் கிளம்புவது, 'பாஸ் அவே' காலமாவது. இந்த அர்த்தங்களில் இவற்றுக்கு 'வோஸ்' ஒட்டவே ஒட்டாது. மரண அறிவித்தலில் 'வோஸ் பாஸ்ட் அவே' என்று பார்க்கும்போதெல்லாம் இறந்தவருக்காக ஒரு கவலை, வசனத்துக்காக இன்னொரு கவலை.

அறிகுறி: ஒரு இடத்தில் 'வோஸ்' போட்டதற்குச் சரி என்றார்கள், இன்னொரு இடத்தில் அதே வேர்ப்புக்குப் பிழை என்றார்கள்

சரி, இதில் உங்கள் தவறு ஒன்றும் இல்லை. ஒரே பிரேசல் வேர்ப்புக்கு இரண்டு மூன்று அர்த்தம், ஒவ்வொன்றுக்கும் வேறு குணம். இதற்குக் கிரிக்கெட்டை விட நல்ல வாத்தியார் கிடையாது.

2022இல் பெட்ரோல் வரிசையில் நின்ற எல்லாருக்கும் 'ரன் அவுட்' தெரியும். 'த பெட்ரோல் ரேன் அவுட்', பெட்ரோல் முடிந்தது. 'த ஷெட் ரேன் அவுட் ஒவ் பெட்ரோல்', ஷெட்டில் பெட்ரோல் முடிந்தது. இரண்டும் அக்டிவ், 'த பெட்ரோல் வோஸ் ரன் அவுட்' பிழை. ஆனால் கெத்தாராமவில் மெச் பார்க்கப் போனால், கோட்டைத் தொட முன் விக்கெட்டில் பந்து பட்டுவிட்டால், 'ஹீ வோஸ் ரன் அவுட்'. இங்கே பசிவ்தான் சரி, ஏனென்றால் களத்தடுப்பு அணி அவரை ஆட்டமிழக்கச் செய்தது, 'சம்வன் ரேன் ஹிம் அவுட்' பொருந்துகிறது. பெட்ரோல் ரன் அவுட் ஆவதற்கு அதை யாரும் ஸ்டம்பில் அடிக்க வேண்டியதில்லை.

2023 நவம்பர் 6இல் டெல்லியில் பங்களாதேஷோடு நடந்த உலகக் கிண்ண ஆட்டத்தில் அஞ்சலோ மெத்யூஸுக்கு நடந்ததை எடுங்கள். ஹெல்மெட் வார் கழன்றது: 'த ஸ்ட்ரப் கேம் ஓஃப்'. அது தானாக நடந்தது, அக்டிவ். நேரம் கடந்துவிட்டது என்று, ஒரு பந்தும் விளையாடாமல் அவர் வெளியேற்றப்பட்டார்: 'மெத்யூஸ் வோஸ் டைம்ட் அவுட்'. அது பசிவ், பங்களாதேஷ் அணித்தலைவர் ஷகிப் அல் ஹசன் கேட்டார், நடுவர் கொடுத்தார். சர்வதேச கிரிக்கெட்டில் அப்படி ஆட்டமிழந்த முதல் ஆள் அவர்தான். 'மெத்யூஸ் டைம்ட் அவுட்' என்று 'வோஸ்' இல்லாமல் எழுதியதெல்லாம் தலைப்பு. அதற்கு ஏழு கிழமைக்கு முன், செப்டம்பர் 17இல், நம் ஊர் பிரேமதாச மைதானத்தில் ஆசியக் கிண்ண இறுதியாட்டத்தில் இந்தியாவிடம் 'ஸ்ரீலங்கா வேர் போல்ட் அவுட் ஃபோர் ஃபிஃப்டி'. 50 ஓட்டம். 'வேர்' போட்டாலும் வலிக்கும், போடாவிட்டாலும் வலிக்கும், ஆனால் போட வேண்டும்.

மைதானத்துக்கு வெளியேயும் இப்படியானவை உண்டு. கட்டுநாயக்காவில் ஃப்ளைட் 'டுக் ஓஃப்', அது தானாக எழும்பியது. உங்கள் பெயர் பட்டியலில் இருந்து 'வோஸ் டேக்கன் ஓஃப்', யாரோ எடுத்துவிட்டார்கள். லொறி 'ப்ரோக் டவுன்'. செலவுக் கணக்கு மாவட்டவாரியாக 'வோஸ் ப்ரோக்கன் டவுன்', பொலிஸ் வந்தபோது கதவும் 'வோஸ் ப்ரோக்கன் டவுன்'. கொம்பியூட்டர் 'ஷட் டவுன்' ஆகலாம், 'வோஸ் ஷட் டவுன்' என்றும் ஆகலாம், முதலாவதில் அது தானே நின்றது, இரண்டாவதில் ஒருவர் நிறுத்தினார்.

சந்தேகம் என்றால், மாணவர்களுக்கான இங்கிலிஷ் அகராதியைத் திறந்து அந்த வேர்ப்பைப் பாருங்கள். வேர்ப்புக்கும் வாலுக்கும் நடுவிலோ வாலுக்குப் பின்னாலோ 'சம்திங்', 'சம்பொடி' என்பவற்றின் சுருக்கம் போட்டிருந்தால் அந்த அர்த்தத்துக்குச் செயப்படுபொருள் உண்டு, அநேகமாகப் பசிவும் உண்டு. இல்லாவிட்டால் இல்லை. தமிழ் அர்த்தம் மட்டும் போட்ட அகராதி இதற்கு உதவாது.

அறிகுறி: வால் காணோம், அல்லது வேண்டாத வால் முளைத்திருக்கிறது

'த சைல்ட் இஸ் லுக்ட் பை ஹேர் கிராண்ட்மதர்.' பாட்டி பார்க்கிறார், சரி, ஆனால் பராமரிக்கவில்லை. அக்டிவில் எழுதும்போது 'லுக்ஸ் ஆஃப்டர் த சைல்ட்' என்று வாலுக்குப் பின்னால் பிள்ளை இருந்தது, அதனால் யாரும் வாலை மறப்பதில்லை. பசிவில் பிள்ளை முன்னால் போய்விட, வால் அந்தரத்தில் நிற்கிறது. அதன் தலைக்குமேல் உடனே 'பை' வந்து முட்டுகிறது. 'ஆஃப்டர் பை' என்று இரண்டு சின்னச் சொல் அடுத்தடுத்து வருவதைப் பிழை என்று நினைத்து ஒன்றை வெட்டிவிடுகிறோம். அது பிழை இல்லை. 'இஸ் லுக்ட் ஆஃப்டர் பை', 'வோஸ் டெல்ட் வித் பை', 'இஸ் பீயிங் லுக்ட் இன்டு பை' எல்லாம் அப்படியே இருக்கட்டும்.

சோதிக்க ஒரு வழி: 'பை' தொடங்கி மிச்சம் எல்லாவற்றையும் விரலால் மூடிவிட்டு வாசியுங்கள். 'த சைல்ட் இஸ் லுக்ட்'... தொங்குகிறதா? வாலைப் போடுங்கள். காலி வீதியில் நாய் ஒன்று பஸ்ஸில் அடிபட்டதை ஒரு தம்பி 'த டோக் வோஸ் ரன் பை எ பஸ்' என்று எழுதினான். 'ஓவர்' போய்விட்டது. கடையை மாமா நடத்துகிறார் என்பதற்குத்தான் 'த ஷொப் இஸ் ரன் பை மை அங்கிள்' என்போம், ஆக 100ஆம் நம்பர் பஸ் அந்த நாயை நிர்வகித்து வந்திருக்கிறது.

மற்றப் பக்கம், 'த மேட்டர் வோஸ் டிஸ்கஸ்ட் அபௌட்'. பற்றிக் கலந்துரையாடினோம் என்பதில் உள்ள பற்றி அப்படியே இங்கிலிஷுக்குள் நடந்து போய் உட்கார்ந்திருக்கிறது. 'டிஸ்கஸ்' வால் கேட்காது. 'த டொகியுமென்ட்ஸ் வேர் ரிக்வெஸ்டட் ஃபோர்' என்பதும் அதே கதை, 'ஃபோர்' வேண்டாம். 'கோப் அப் வித்' என்று நாம் சேர்க்கும் 'அப்'பும் வேண்டாம், 'கோப் வித்' போதும்.

அறிகுறி: 'வீ புட் ஓஃப் இட்'

இது அக்டிவில் வரும் பிழை, ஆனால் இதற்குப் பயந்துதான் பலர் பசிவுக்கு ஓடுகிறார்கள். செயப்படுபொருள் 'இட்', 'தெம்' போலச் சின்னதாக இருந்தால் நடுவில் போக வேண்டும்: 'வீ புட் இட் ஓஃப்', 'ஐ ஃபில்ட் இட் இன்'. 'லுக் ஆஃப்டர்' வகை பிரியாது, 'லுக் ஆஃப்டர் ஹேர்' தான். இந்தத் தலைவலி வேண்டாம் என்று 'இட் வோஸ் ஃபில்ட் இன் பை மீ' என்று எழுதுவார்கள். பிழை இல்லை, ஆனால் ஒரு ஃபோர்மை நிரப்பியதற்குக் கல்வெட்டு வைத்ததுபோல இருக்கும்.

அறிகுறி: மூன்று சொல் வேர்ப், பசிவில் மூச்சு முட்டுகிறது

'டூ அவே வித்' நன்றாகவே போகும்: 'த ஓல்ட் ஃபோர்ம் வோஸ் டன் அவே வித்', பழைய ஃபோர்மை ஒழித்துவிட்டார்கள். 'லுக் டவுன் ஒன்' போகும், ஏளனமாக நடத்தப்பட்டதைச் சொல்ல. 'ரன் அவுட் ஒவ்' போகவே போகாது. 'கம் அப் வித்' போனாலும் காதைக் கீறும், 'எ ப்ளேன் வோஸ் கம் அப் வித்' என்று எழுதாமல் 'வீ கேம் அப் வித் எ ப்ளேன்' என்று விட்டுவிடுங்கள். கடிதத்தின் கடைசியில் 'யுவர் ரிப்ளை இஸ் லுக்ட் ஃபோர்வேர்ட் டு' என்று எழுதுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இலக்கணம் மன்னிக்கும். நான் மாட்டேன். 'வீ லுக் ஃபோர்வேர்ட் டு யுவர் ரிப்ளை', முடிந்தது.

அறிகுறி: அக்டிவாக மாற்றச் சொன்னார்கள், மாற்றவே முடியவில்லை

சில பசிவிலேயே பிறந்து பசிவிலேயே வாழ்கின்றன. 'த மெச் வோஸ் ரெயின்ட் ஓஃப்', மழையால் ஆட்டம் கைவிடப்பட்டது. இதை யார் செய்தார் என்று திருப்பிப் போட முடியாது. 'வோஷ் அவுட்' அப்படி இல்லை, மழையை எழுவாயாக்கலாம். 2002 செப்டம்பர் 29இல் சம்பியன்ஸ் கிண்ண இறுதியாட்டம் இதே பிரேமதாச மைதானத்தில், இலங்கையும் இந்தியாவும். மழை. அடுத்த நாள் முதலில் இருந்து தொடங்கினார்கள். திரும்பவும் மழை. கிண்ணத்தை இரண்டு அணிக்கும் பங்கு போட்டுக் கொடுத்தார்கள். அதை 'ரெயின் வோஷ்ட் அவுட் த ஃபைனல் ட்வைஸ்' என்றும் எழுதலாம், 'த ஃபைனல் வோஸ் வோஷ்ட் அவுட் ட்வைஸ்' என்றும் எழுதலாம்.

காய்ச்சலில் படுத்துக் கிடப்பதற்கு 'லெய்ட் அப்', வேலை தலைக்குமேல் குவிந்திருப்பதற்கு 'ஸ்னோட் அண்டர்', இவையும் பசிவோடுதான் வரும். பின்னது பனி மூடுவதில் இருந்து வந்தது. கொழும்பு வெயிலில் வியர்த்துக்கொண்டு 'ஐ ஏம் ஸ்னோட் அண்டர்' என்று எழுதும்போது எனக்கே சிரிப்பு வரும், ஆனாலும் எழுதுகிறேன்.

அறிகுறி: இலக்கணம் சரி, ஆனால் வாங்கியவர் கோபித்துக்கொண்டார்

ஒன்று, எழுவாய் ஆளாக மாறும்போது அர்த்தம் மாறிவிடும். மீட்டிங் 'வோஸ் புட் ஓஃப்' என்றால் பிற்போடப்பட்டது. ஆனால் 'த டிரெக்டர் வோஸ் புட் ஓஃப்' என்றால் டிரெக்டர் முகம் சுளித்தார், மனம் விட்டுப்போனது. புறக்கோட்டைக் கருவாட்டுக் கடை வாசத்துக்கு 'ஐ வோஸ் புட் ஓஃப் பை த ஸ்மெல்' என்று சொல்வது அந்த அர்த்தத்தில்தான், எனக்கு அந்த வாசம் பிடிக்கும் என்பது வேறு கதை.

இரண்டு, இடம். பிரேசல் வேர்ப் வீட்டுச் சட்டை, பசிவ் பெரும்பாலும் ஒஃபிஸ் சட்டை. இரண்டையும் சேர்த்துப் போடலாம், 'வோஸ் கேரிட் அவுட்', 'வோஸ் செட் அப்' எல்லாம் எந்தக் கடிதத்திலும் கண்ணியமாக நிற்கும். 2024 நவம்பர் கடைசியில் மழை வெள்ளத்தால் ஏ லெவல் பரீட்சை நடுவில் நிறுத்தப்பட்டபோது, கூட வேலை செய்பவருக்கு 'மை சிஸ்டர்ஸ் எக்ஸாம் வோஸ் புட் ஓஃப்' என்று சொல்வது சரி, திணைக்களத்துக்கு எழுதும் கடிதத்தில் 'போஸ்ட்போன்ட்' நல்லது. ஒருவரின் விண்ணப்பத்தை மறுக்கும்போது 'யுவர் அப்ளிகேஷன் ஹேஸ் பீன் டேர்ன்ட் டவுன்' என்று அவருக்கே எழுதாதீர்கள், கதவை முகத்தில் சாத்தியதுபோல இருக்கும். அவரைப் பற்றி மூன்றாம் ஆளிடம் சொல்லும்போது அதே வசனம் பரவாயில்லை.

மூன்று, ஒளிந்துகொள்வது. 'த ஃபைல்ஸ் வேர் மிக்ஸ்ட் அப்' என்றால் யார் குழப்பியது? பசிவின் பெரிய வசதியே அதுதான், ஆளைச் சொல்லத் தேவையில்லை. வாங்குபவருக்கும் அது தெரியும். பிழை உங்களுடையது என்றால் 'வீ மிக்ஸ்ட் அப் த ஃபைல்ஸ்' என்று எழுதிவிடுங்கள், கோபம் பாதியாகக் குறையும்.

போன மாதம் இன்னொரு லொறி நின்றது, இந்தமுறை களனியில். நான் அனுப்பியது இது: 'அவர் லொறி ப்ரோக் டவுன் அட் களனி. யுவர் கார்கோ ஹேஸ் நொட் பீன் டச்ட். அனதர் லொறி ஹேஸ் செட் ஓஃப். த கார்கோ வில் பீ ஹேண்டட் ஓவர் திஸ் ஈவினிங்.' லொறி தானாக நின்றது, அதனால் அக்டிவ். சாமானை யாரும் தொடவில்லை, அவருக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான், அதனால் கார்கோ முன்னால், பசிவ். மற்ற லொறி வெளிக்கிட்டுவிட்டது, அக்டிவ். கடைசி வசனத்தில் 'பை' போடவில்லை, ஏனென்றால் எந்த டிரைவர் கொண்டுபோய்க் கொடுப்பார் என்று அப்போது எனக்கே தெரியாது.